பத்து நிமிஷ வேலை

என் நாத்தனார் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நேரில் 'வாங்கக்கா, சொல்லுங்கக்கா' என்றுதான் பேசுவேன். எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்றுதான் வருகிறது. பதினொரு வருஷம் ஒரே அடுப்படியில் முட்டிக்கொண்டு நின்ற பிறகு மரியாதையெல்லாம் வாயோடு நின்றுவிடுகிறது, பேனா வரைக்கும் வருவதில்லை. இதைப் படித்துவிட்டு அவள் சண்டைக்கு வந்தால் வரட்டும். சண்டை போடும் தெம்போடு இருக்கிறாளே, எனக்கு அது போதும்.

மருந்துக்கடைக்கு மேலே, மாடியில், எங்களுக்கு இரண்டு அறை, நடுவில் அடுப்படி. பின்னறை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும். அவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் ஐந்து நாள் வீட்டில் தங்கினால் அதிகம். முன்னறை நாத்தனாருக்கு. ஜன்னலோரம் தையல் மெஷின், பக்கத்தில் வெட்டுத்துணி மூட்டை, சுவரில் அளவுவாரியாக ஆணியில் தொங்கும் காலர் அட்டைகள், ஒரு கட்டில். அந்தக் கட்டிலில் நாலு வருஷத்துக்கு முன்பு வரை இரண்டு பேர் படுத்தார்கள். அவள் வீட்டுக்காரர் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். எனக்கு அண்ணன் முறை, அண்ணா என்றே கூப்பிடுவேன். நாள் முழுக்க லிஃப்டில் மேலேயும் கீழேயும் போய்வந்துவிட்டு எங்கள் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறும்போது, "நான் ஏறுற படி இது ஒண்ணுதாம்மா, அதுவும் எனக்கு ஆகல" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் பல் வலியில் செத்துப்போனார். கேட்பவர்கள் நம்புவதில்லை. ஆனால் அதுதான் நடந்தது.

நாத்தனார் கத்திரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் நூலைப் பல்லால்தான் கடிப்பாள். இருபத்தைந்து வருஷம் கடித்ததில் இடது பக்கக் கோரைப் பல்லின் நுனியில் அரம் வைத்து அராவினாற்போல ஒரு பள்ளம். தைக்கும்போது வாய்தான் அவளுக்கு மூன்றாவது கை. வலது கன்னத்துக்குள் பட்டன், இடது கடைவாயில் பேன்ட் இடுப்புக்கு வைக்கும் இரும்பு ஹூக், உதட்டில் குண்டூசி. அந்த வாயோடு பேசவும் செய்வாள். "உங்களுக்கு இருக்கிறது வாயா, தையல் டப்பாவா?" என்று கேட்டால் ஒரு குண்டூசிகூட விழாமல் சிரிப்பாள்.

பல் உடைந்த அன்று பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருந்தது. வருஷத்தில் அந்த ஒரு மாதம்தான் அவளுக்குச் சாப்பாடு போடுகிற மாதம், தலைக்கு மேல் வேலை. எனக்குச் சனிக்கிழமை விடுமுறை என்பதால் பட்டனுக்குக் காஜா எடுத்த சட்டைகளை மடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இடுப்புப் பட்டி தடித்த இடத்தில் ஊசி மாட்டிக்கொண்டது. கைச்சக்கரத்தைப் பிடித்துப் பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். பலமாக எதை இழுத்தாலும் பல் தானாகக் கடிபடும். கடைவாயில் ஹூக் இருந்ததை மறந்துவிட்டாள். 'டக்' என்ற சத்தம் எனக்கே கேட்டது. எல்லாவற்றையும் உள்ளங்கையில் துப்பினாள். ஒரு ஹூக், நாலு பட்டன், வெள்ளையாக ஒரு சில்லு.

"சனியன், பட்டன் ஒண்ணு உடைஞ்சு போச்சு" என்று சில்லை வெட்டுத்துணி மூட்டையில் வீசினாள். தைக்கக் கொடுக்கும் கம்பெனிக்காரர் பட்டனை எண்ணித்தான் கொடுப்பார். அதனால் கையில் இருந்ததை எண்ணிப் பார்த்தாள். வாயில் போட்டது நாலு. கையில் முழுசாக நாலு. மறுபடியும் எண்ணினாள். பிறகு நாக்கை மெல்ல இடது பக்கம் கொண்டுபோனாள். முகம் மாறியது. நான் மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவி அந்தச் சில்லை எடுத்தேன். ஒரு பக்கம் வெள்ளை, உள்பக்கம் பழுப்பு.

"அக்கா, இது பட்டன் இல்ல."

"தெரியுது. ஒரு ஓரந்தான போச்சு, விடு. அந்தச் சட்டைய எடு."

ஓரம் மட்டும் போகவில்லை. பாதிப் பல் போயிருந்தது. அதற்கு முன்னாலும் அவள் வாய் நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. இரண்டு வருஷமாகவே பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வரும். வாஷ்பேசினில் இளஞ்சிவப்பாகத் தெரிந்ததை நான் கேட்டபோதெல்லாம், "பிரஷ் முரடு" என்பாள். பிரஷை மாற்றிக் கொடுத்தேன். "இதுவும் முரடு" என்றாள். பிரஷ் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து இவளுக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தெருமுனையில் இருக்கும் பல் கிளினிக்குக்கு அடுத்த வாரம் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, மேஜையில் பிளாஸ்டிக் பல்வரிசை. பல்லுக்கு வேர் சிகிச்சை, மேலே கேப், ஈறைச் சுத்தம் செய்வது என்று ஒரு சீட்டில் எழுதிக் கூட்டிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டின் மூன்று மாத வாடகை. நாத்தனார் சீட்டைப் படித்துவிட்டு நிதானமாக எழுந்தாள்.

"என் வாயில அது குடியிருக்கு. அதுக்கு நான் வாடகை குடுக்கணுமா?" என்றாள். மேஜையில் இருந்த பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே வந்ததும், "அரசாங்கப் பல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா. மாணவர்கள்தான் பாப்பாங்க, பெரிய டாக்டர் பக்கத்துல நிப்பாங்க. சீட்டுக் காசு மட்டுந்தான்" என்றேன். சீசன் முடியட்டும் என்றாள். சீசன் முடிந்தது. அவள் போகவில்லை. காசுதான் காரணம் என்று கொஞ்ச நாள் நானும் நம்பினேன்.

அண்ணன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்பு அவருக்குக் கீழ்க்கடைவாய்ப் பல் சொத்தையானது. அதே மாதம் நாத்தனாருக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு மெஷினை மிதிக்க முடியாமல் போனது. இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துவைத்திருந்த பணம் ஒன்றுக்குத்தான் காணும். பல்லுக்கா, மெஷினுக்கு மோட்டார் மாட்டுவதற்கா? அவரேதான் சொன்னார்: "மோட்டார வாங்கு. பல்லு வாயிலதான இருக்கு, எங்க ஓடிடப் போகுது?" மோட்டார் வந்தது. அவருக்குக் கீழே மருந்துக்கடையிலிருந்து மாத்திரையும் கிராம்புத் தைலமும் வந்தன. மூன்று வாரம் அவர் வாயைத் திறக்காமல் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார். தாடை வீங்கியது. பிறகு வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கிக் கழுத்து கட்டைபோல் ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மூச்சு திணறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சனிக்கிழமை சாயங்காலம் போய்விட்டார். "ஒரு பல்லுக்கா ஒரு மனுஷன் சாவான்?" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எங்களிடமே கேட்டார்கள்.

அந்தச் சாவில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அப்போது அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த மோட்டாரில்தான் நாத்தனார் இன்றைக்கும் தைக்கிறாள். மிதியை முழுசாக அழுத்தினால் ஊசி ஓடும். பாதம் சும்மா பட்டுக்கொண்டிருந்தால் ஊசி ஓடாது, மோட்டார் மட்டும் முனகும். அது அண்ணன் முனகியதைப் போலவே இருக்கும். துணி எதுவும் இல்லாமல் அவள் சில நேரம் அப்படி மிதியில் பாதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "கரண்ட் பில் எகிறும்க்கா" என்று கத்திவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன்.

பல் உடைந்து இரண்டு மாதம் ஆனது. அவள் ஒரு பக்கமாக மென்றாள். பிறகு மெல்லுவதையே விட்டுச் சோற்றைக் கரைத்துக் குடித்தாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். தலையணை உறையில் காலையில் ஒரு காசளவு கறை இருக்கும். நான் பார்ப்பதற்குள் அலசிவிடுவாள். நான் கேட்டால், "உனக்கு வேற வேலை இல்லையா?" என்பாள். ஒரு நாள் வேலைக்குப் புறப்படும்போது கீழே மருந்துக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். வயசான மனிதர், அதிகம் பேசமாட்டார்.

"உங்க நாத்தனார் மூணாவது தடவையா வலி மாத்திரை கேட்டாங்க. நான் இல்லன்னுட்டேன். அன்னிக்கு அவருக்கும் இதே கையாலதாம்மா குடுத்தேன். இன்னொரு தடவை என்னால ஆகாது. இப்ப வேற கடையில வாங்குறாங்க போல. கூட்டிட்டுப் போங்க."

அவர் கை மேஜை மேலே இருந்தது. அதை அவரே ஏதோ வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பார்சல் ஆபீஸில் எடை போடுகிறேன். மேஜைக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு தராசு. மூட்டையை அதில் ஏற்றினால் எனக்கு முன்னால் இருக்கும் சின்னக் கண்ணாடியில் எண் தெரியும். சீட்டில் எழுதிக் கொடுப்பேன். அன்று ஆபீஸில் மத்தியானமே மின்சாரம் போய்விட்டது, தராசில் எண் எரியவில்லை. எங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவிலும் மின்சாரம் இல்லை. மருந்துக்கடையில் மின்விசிறி நின்று, கடைக்காரர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் பாதி ஏறியபோது அந்த முனகல் கேட்டது.

நாலு படி ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மின்சாரம் இல்லை. மோட்டார் எப்படி முனகும்?

படியிலேயே நின்றேன். அதே சுருதி. நடுவில் மூச்சு வாங்க ஒரு இடைவெளி, மறுபடியும் அதே சுருதி. அவர் முனகும்போதும் அந்த இடைவெளி இருக்கும். திரும்பி இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே நாத்தனார் மெஷின் முன்னால் கண்ணை மூடி, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு ஒட்டியிருந்தது. சத்தம் அவளிடமிருந்து வந்துகொண்டிருந்தது.

என் கையில் இருந்த பை கீழே விழுந்தது. சத்தம் நின்றது.

"என்ன, சீக்கிரம் வந்துட்ட?" என்றாள். இடது தாடை உப்பியிருந்தது.

"எத்தன நாளா இப்படி?"

"எப்படி?"

"அண்ணா மாதிரி."

அவள் மிதியில் இருந்த பாதத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். "வலி ஏறும்ல, அப்ப அவர் வர்றார்" என்றாள், வீட்டுக்கு யாரோ உறவுக்காரர் வந்துபோவதைச் சொல்வதுபோல. "கட்டில்ல அவர் பக்கம் அமுங்கும். நான் திரும்பிப் பாக்க மாட்டேன். பாத்தா போயிடுவார். வலி குறைஞ்சாலும் போயிடுவார். நாலு வருஷமா வராதவரு, இந்தப் பல்லு உடைஞ்சதுலேர்ந்து தினம் வர்றார்."

நான் கட்டிலைப் பார்த்தேன். விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பட்டப்பகல், தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போகிறார்கள், எனக்கு மட்டும் உடம்பெல்லாம் சில்லிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"உங்களுக்கு ஒரு தலைவலின்னா லீவு போட்டுட்டு உக்காந்தவர் அவர். இப்ப உங்க வலியத் தின்னுட்டு உக்காந்திருப்பாரா? என்ன பேச்சு பேசுறீங்க?"

"மோட்டார் வாங்கினது நானு. அவர் சொன்னார்னு சொல்லாத. அவர் எதத்தான் வேணாம்னு சொன்னார்? நான் வாங்கினேன். அவருக்குச் செய்யாதத எனக்குச் செஞ்சுக்கிட்டா நான் மனுஷியா? இந்த வலி அவர் பட்டது. நானும் பட்டுட்டுப் போறேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் பல்லைக் கவனிக்காமல் விடவில்லை, தெரிந்தே வளர்த்துக்கொண்டிருந்தாள். அவர் போன வழியிலேயே, அதே கழுத்து வழியாக, அவள் போய்ச்சேரப் பார்க்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கத்தினேன்.

"நாளைக்கு நீங்க ஆஸ்பத்திரிக்கு வரலன்னா நானும் வேலைக்குப் போக மாட்டேன். இங்கதான் உக்காந்திருப்பேன். அவரும் வரட்டும், மூணு பேரா இருந்து முனகலாம்."

அவள் மெஷினை மூடிவைத்துவிட்டு, "காட்டிட்டு மட்டும் வர்றேன். எடுக்க விட மாட்டேன்" என்றாள்.

பல் காலேஜில் காலை ஏழு மணிக்கே வரிசை. ஒவ்வொருவரும் ஒரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சீட்டு வாங்கிப் பெரிய கூடத்துக்குள் போனால் நாற்பது நாற்காலிகள், நாற்பது திறந்த வாய்கள். எங்களுக்கு வந்தவள் மாணவி, ஒல்லியான பெண். குரலில் நடுக்கம் இருந்தாலும் கை சுத்தமாக வேலை செய்தது. கழுத்தில் ஒரு நீலத் தாளைக் கட்டிவிட்டு, "எப்பலேர்ந்தும்மா வலி?" என்று கேட்டாள்.

நாத்தனார் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கூசியது. பிறகு படுத்தால் வலி, அதனால் உட்கார்ந்தே தூக்கம். பிறகு சுடுதண்ணீரும் ஆகவில்லை. மூன்றாவது வாரம் தாடைக்குக் கீழே வீக்கம், விழுங்க முடியவில்லை, குரல் மாறிவிட்டது. மாணவி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு விரலால் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க வீக்கமே இல்லையேம்மா. குரலும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள்.

"அது இவங்க கதை இல்லம்மா" என்றேன். "இவங்க வீட்டுக்காரர் கதை. அவர் இப்ப இல்ல."

மாணவி எழுதியதை அடிக்கத் தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பெரிய டாக்டரம்மா வந்து சீட்டை வாங்கினார். நரைத்த தலை, அவசரமே இல்லாத நடை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, பல் வேர் வரைக்கும் பிளந்துவிட்டது, இனி எடுக்கத்தான் வேண்டும் என்றார். வேரில் சீழ் கட்டியிருக்கிறது. ஈறு கீழே இறங்கியிருக்கிறது. பக்கத்தில் இரண்டு பல் ஆடுகிறது. இரண்டு தடவை வந்து பல்லில் படிந்த காரையை எடுத்துவிட்டு ஒழுங்காகத் தேய்த்தால் அவற்றைக் காப்பாற்றலாம். செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

"இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தீங்கன்னா கழுத்துக்கு இறங்கியிருக்கும்" என்றார்.

நாத்தனார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். என் வீட்டுக்காரர் கழுத்துக்கு இறங்குறதுக்கு முன்னாடி இங்க வந்திருந்தா?"

நான் டாக்டரம்மாவுக்குக் கண்ணைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். விதி என்று ஏதாவது சொல்லித்தொலைக்கக் கூடாதா? அந்த அம்மாள் வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழகாதவர் போலிருக்கிறது.

"பிழைச்சிருப்பார்மா. பத்து நிமிஷ வேலைதான்" என்றார்.

நாத்தனார் கழுத்தில் கட்டியிருந்த நீலத் தாளை அவிழ்த்தாள். அதை நாலாக மடித்து நாற்காலியின் கைமேல் வைத்தாள். "நான் போறேன்" என்று எழுந்தாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. இந்தக் கூடத்தை விட்டு வெளியே போனால் இவளை எந்த நாற்காலியிலும் இனி உட்காரவைக்க முடியாது என்று தெரிந்தது. என்னிடம் அவளை நிறுத்த வேறு எதுவும் இருக்கவில்லை. நாலு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"உக்காருங்கக்கா. அது நீங்க இல்ல. நான்."

"என்ன நீ?"

"அவர் என்கிட்ட வந்தார். அவர் செத்த அதே வாரம், செவ்வாய்க்கிழமை மத்தியானம், என் ஆபீஸுக்கு. பல் காலேஜ்ல காசில்லாமப் பாப்பாங்கன்னு இப்பதான் தெரிஞ்சுது, துணைக்கு வர்றியாம்மான்னு கேட்டார். நாற்காலியப் பாத்தாலே பயமா இருக்கு, அவகிட்ட சொல்லாத, அவளுக்கு ஆர்டர் கெடும்னார். நான் சிரிச்சேன்க்கா. பல்லு புடுங்கத் துணைக்கு ஆளான்னு கேட்டேன். சனிக்கிழமை எனக்கு லீவு, அன்னிக்குப் போலாம்னேன்."

சனிக்கிழமை என்ன ஆனது என்பதை அந்தக் கூடத்தில் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாத்தனார் என்னைப் பார்த்தாள். பதினொரு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அடிப்பாளோ என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். மாணவி ஊசி மருந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாத்தனார் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தாள். நீலத் தாளைத் தானே கழுத்தில் கட்டிக்கொண்டாள்.

"எடும்மா" என்று மாணவியிடம் சொல்லி வாயைத் திறந்தாள்.

பல் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து, அரை மணி நேரம் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும், பேசக் கூடாது, துப்பக் கூடாது என்றார்கள். என் வாழ்நாளில் அதைவிட நீளமான அரை மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை வீட்டைவிட்டுப் போகச் சொல்வாள், தம்பியான என் வீட்டுக்காரரிடம் சொல்வாள், இனி என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கமாட்டாள். ஒவ்வொன்றுக்கும் நான் மனதில் 'சரி' சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். அரை மணி ஆனதும் அவள் எழுந்து குப்பைத்தொட்டியில் பஞ்சைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மறுபடியும் சொல்லு" என்றாள். மரத்துப்போன உதடு ஒரு பக்கம் கோணியது. "முதல்லேர்ந்து. எத்தன மணிக்கு வந்தார்?"

"ஒரு மணி இருக்கும்."

"சாப்பிட்டுட்டு வந்தாரா?"

"இல்லன்னுதான் நினைக்கிறேன்."

"என்ன சட்டை?"

"லிஃப்ட் சட்டைதான், காக்கி."

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எங்கள் பஸ் வந்தது, போனது. இன்னொன்றும் வந்து போனது. அவர் என் தராசைப் பார்த்துவிட்டு, "என்னைப் பார்சல் பண்ணினா எவ்வளவும்மா ஆகும்?" என்று கேட்டு அதன்மேல் ஏறி நின்றதைச் சொன்னேன். அதை நான் கூடத்தில் சொல்லியிருக்கவில்லை.

"எவ்வளவு காட்டுச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லாத டாக்டரம்மாவை மனசுக்குள் திட்டியவள் நான்தானே. "அம்பத்தி மூணு" என்றேன்.

"அறுபத்தி நாலு இருப்பார்" என்றாள்.

"தெரியும்."

"பாத்துட்டும் சனிக்கிழமைன்னு சொன்ன."

"ஆமா."

மூன்றாவது பஸ்ஸில் ஏறினோம். மன்னித்தேன் என்று அவள் அன்று சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? அடுத்த மாதம் இரண்டு தடவை போய் ஈறைச் சுத்தம் செய்துகொண்டு வந்தாள். ஆடிய பற்கள் நின்றுவிட்டன. பட்டனும் ஹூக்கும் இப்போது கிண்ணத்தில் இருக்கின்றன, கத்திரிக்கோல் கழுத்தில் நாடாவில் தொங்குகிறது. சோறு மென்று சாப்பிடுகிறாள். ஆனால் ஒன்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள், காலையில் நான் கிளம்பும் நேரத்தில், கட்டிலில் அவர் படுத்த பக்கத்தைத் தட்டி என்னை உட்காரச் சொல்கிறாள்.

"வலி போயிடுச்சு, அவரும் போயிட்டார். எனக்குத் தெரியாத ஒரு மத்தியானம் உன்கிட்டதான் இருக்கு. சொல்லு" என்கிறாள்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். ஒரு மணி, காக்கிச் சட்டை, துணைக்கு வர்றியாம்மா, தராசு, அம்பத்தி மூணு. சில நாள் நான் சொல்லும்போதே கட்டில் லேசாக அமுங்குகிறது. என் கனத்தில்தான் அமுங்குகிறது என்று சொல்லிக்கொள்கிறேன்.

நேற்றுக் காலையில் கேட்டு முடித்த பிறகும் அவள் என்னை எழுந்திருக்க விடவில்லை.

"தராசுலேர்ந்து எப்படி இறங்கினார்?" என்றாள்.

இதை அவள் கேட்கவே கூடாது என்று இருந்தேன்.

"தள்ளாடினார். நான் கைய நீட்டினேன். பிடிச்சுக்கிட்டு இறங்கினார்."

"கை சூடா இருந்துச்சா?"

"கொதிச்சுதுக்கா" என்றேன். "காய்ச்சல்னு எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் அனுப்பிட்டேன்."

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"எந்தக் கை?"

வலது கையை நீட்டினேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தன் இடது கன்னத்தில், பல் இல்லாத பக்கத்தில், வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.